கொல்லை வேலிக்கு எந்தக் கால்?

வீடு கட்டும்போது சமையல் மேடை எத்தனை உயரம் வேண்டும், பரண் எந்தப் பக்கம் வேண்டும் என்று நம்மைக் கேட்பார்கள். வேலி என்று வந்தால் மட்டும் யாரும் கேட்பதில்லை. அது ஆண்கள் பாடு, ஆள்காரர் பாடு என்று நாமும் இருந்துவிடுகிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு அவரவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, கீரைப் பாத்தியில் ஆடு நுழைந்தால் ஓடுவது யார்? நடை பழகுகிற குழந்தை கொல்லைப் படி இறங்கிவிட்டால் பதறுவது யார்? பகல் முழுவதும் அந்த வேலியை நம்பி இருப்பவள் வீட்டுக்காரிதான். ஆகவே அதற்கு மரக்கால் நடுவதா, சிமெண்ட் கால் நடுவதா என்பது அவளும் வாய் திறந்து பேச வேண்டிய விஷயம்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் கொல்லை. கொல்லைக்குப் பின்னால் பாசன வாய்க்கால். மேட்டூர் அணையை மூடும் தை மாதத்துக்குப் பிறகு வாய்க்கால் வறண்டு, பிள்ளைகள் பந்து விளையாடும் இடமாகிவிடும். அணை திறக்க வழக்கமாகக் குறித்திருக்கும் நாள் ஜூன் 12. அதற்குப் பிறகு சில நாட்களில் எங்கள் வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்துவிடும். கரையோரம் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான். ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இடுப்பளவும் ஒன்றுதான், சமுத்திரமும் ஒன்றுதான்.

என் மகளுக்கு இரண்டாவது பிரசவம். வளைகாப்பு முடித்து வைகாசியில் அழைத்து வருவதாக ஏற்பாடு. கூடவே பேரனும் வருவான். அவனுக்கு ஒன்றரை வயது. கதவு திறந்திருந்தால் போதும், குடுகுடுவென்று ஓடிவிடுவான். எங்கள் பழைய மூங்கில் படல் வேலியோ, கை வைத்தால் சாய்கிற நிலையில் இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் புது வேலி போட்டாக வேண்டும் என்று சித்திரையிலேயே பேச்சை எடுத்தேன்.

"சிமெண்ட் கால் நட்டு வலைக்கம்பி கட்டிடுவோம். ஒரு தரம் செலவு பண்ணினா நம்ம காலத்துக்கு வேற கவலை இல்லை" என்றார் என் கணவர்.

"கல்லறை மாதிரி இருக்கும். மரம் நட்டாத்தான் வேலி. ஒண்ணு போனா ஒண்ணு நட்டுக்கலாம்" என்றார் என் மாமியார்.

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் யார் பக்கமும் பேசவில்லை. முதலில் பழைய வேலியைப் பிடுங்கிப் பார்ப்போம் என்றேன்.

பிடுங்கிப் போட்ட கால்களை வரிசையாகப் படுக்க வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மூங்கிலோ, இடையிடையே நட்டிருந்த சவுக்கோ, எல்லாமே ஒரே இடத்தில்தான் இற்றுப் போயிருந்தன. மேலே நான்கடி நன்றாக இருக்கிறது. மண்ணுக்கு அடியில் ஆழத்தில் இருந்த நுனியும் ஓரளவு கெட்டியாக இருக்கிறது. தரை மட்டத்தில் ஒரு சாண் அளவுதான் மாவாக உதிர்கிறது. பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் என் மகன் காரணம் சொன்னான். மரத்தை மக்க வைக்கிற பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மேலே காற்று இருக்கிறது, ஈரம் நிற்பதில்லை. ஆழத்தில் ஈரம் இருக்கிறது, காற்று போதாது. இரண்டும் சேருகிற இடம் தரை மட்டம். போதாக்குறைக்குக் கறையானும் மண் வழியாக வந்து அங்கேதான் ஏறுகிறது. ஆகவே மரக்கால் எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்டால், அந்த ஒரு சாண் எத்தனை நாள் உழைக்கும் என்றுதான் அர்த்தம்.

மாமியாருக்கு இதெல்லாம் அனுபவத்தில் அத்துப்படி. "வெள்ளை மரத்தை நட்டா ரெண்டு மழைக்குத் தாங்காது. வைரம் பாஞ்ச கட்டையா இருக்கணும்" என்றார். மரத்தின் வெளிப்பக்கம் வெளுப்பாக இருப்பது வெள்ளை. நடுவில் கருத்து இறுகியிருப்பது வைரம். பனையில் மட்டும் இது நேர்மாறு. வைரம் வெளிப்பக்கம், சோறு உள்பக்கம். தேக்கு, பனை இவற்றின் வைரம் நீண்ட நாள் நிற்கும். ஆனால் இன்றைக்கு வேலிக்காலுக்குத் தேக்கு வாங்க யாரால் முடியும்? எங்கள் பக்கம் சல்லிசாகக் கிடைப்பது சவுக்குதான். சவுக்குக்குப் பலம் உண்டு, எரித்தால் நல்ல விறகு. ஆனால் மண்ணில் புதைத்தால் சீக்கிரம் மக்குகிற ஜாதி. எங்கள் வீட்டு அனுபவத்தில் மூன்று, நான்கு வருஷம்.

அந்த ஆயுளைக் கூட்டுவதற்குச் சில வழிகள் உண்டு. பட்டையை உரித்துவிட வேண்டும்; பட்டைக்குள்தான் பூச்சி குடியிருக்கும். நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு அடிப்பாகத்துக்குத் தார் பூச வேண்டும். வெட்டு முனையை மறக்கக் கூடாது. அதுதான் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். தரைக்கு மேலேயும் அரையடிக்குத் தார் ஏற வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஒரு சாணுக்குக் காவல் இல்லை. ஈர மரத்தில் தார் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். முந்திரிக் கொட்டை எண்ணெய் கிடைக்கிற ஊரில் அதையும் பூசுவார்கள், கறையானுக்கு ஆகாது. ஆனால் கையில் பட்டால் தோல் வெந்து போகும், ஜாக்கிரதை. காலின் தலையைச் சாய்வாகச் சீவிவிட்டால் மழைத் தண்ணீர் தங்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தார் பூசிய பழைய காலைப் பிடுங்கினால் வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்துவிடாதீர்கள். அந்தப் புகை நல்லதல்ல. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் கூடவே கூடாது.

அடுத்தது சிமெண்ட் கால். மன்னார்குடி போகும் வழியில் கால் வார்க்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. ஒரு நாள் கணவருடன் நானும் போனேன். "நீ எதுக்கு வெயில்ல?" என்றார். "அஞ்சு ரூபாய் கத்தரிக்காயையே திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கறோம். இதைப் பார்க்காம வாங்கறதா?" என்றேன்.

நான்கு அங்குலச் சதுரம், ஏழு அடி நீளம். ஒரு கால் ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கிறது. சவுக்குக் காலை நானே தோளில் தூக்கிவிடுவேன். இதற்கு இரண்டு ஆண்கள் வேண்டும். விலையும் அப்படித்தான். எங்களுக்குச் சொன்ன விலையில் ஒரு சிமெண்ட் காலுக்கு மூன்று சவுக்குக் கால் வாங்கலாம். வண்டிக் கூலி வேறு.

சிமெண்ட் கால் நல்லதா கெட்டதா என்பது உள்ளே இருக்கிற கம்பியில் இருக்கிறது. சிமெண்டுக்கு நசுக்கினால் தாங்கும் பலம் உண்டு, வளைத்தால் தாங்காது. வளைவைத் தாங்குவதற்குத்தான் கம்பி. இரும்புக் கம்பியை உள்ளே வைத்துச் சிமெண்டை வார்க்கும் யோசனைக்கு 1867இல் காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர், பிரான்ஸ் தேசத்துத் தோட்டக்காரரான ஜோசப் மோனியே என்று மகன் சொன்னான். தோட்டத் தொட்டிகள் அடிக்கடி உடைகின்றன என்பதற்காக அவர் செய்து பார்த்தாராம்! அணையும் பாலமும் கட்டுகிற வித்தைக்குத் தோட்டத்திலும் ஒரு வேர் இருக்கிறது என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பட்டறையில் நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன்; உங்களுக்கும் உதவும். வார்ப்பதற்கு முன் கட்டி வைத்திருக்கும் கம்பிக் கூட்டைக் காட்டச் சொல்லுங்கள். நான்கு மூலைக்கும் நான்கு கம்பி ஓடி, இடையிடையே வளையம் கட்டியிருக்க வேண்டும். வெறும் கட்டுக்கம்பியை நீட்டி வைத்திருந்தால் அந்தக் கால் வேண்டாம். வார்த்த காலில் எங்காவது கம்பி வெளியே தெரிகிறதா, தேன்கூடு மாதிரி ஓட்டை இருக்கிறதா, மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கம்பிக்கு மேல் முக்கால் அங்குலமாவது சிமெண்ட் மூடியிருக்க வேண்டும். ஏனென்றால் தண்ணீர் போய்க் கம்பி துருப்பிடித்தால், துரு அதிக இடத்தைப் பிடிக்கும். உள்ளிருந்தே சிமெண்டைப் பிளந்துவிடும். உப்புக் காற்று வீசும் கடலோர ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும்.

எத்தனை நாளைக்கு முன் வார்த்தது, எத்தனை நாள் தண்ணீர் ஊற்றினார்கள் என்றும் கேளுங்கள். குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். முழுப் பலம் வர ஏறக்குறைய 28 நாள் ஆகும். நேற்று வார்த்ததை இன்று வண்டியில் ஏற்றினால், இறக்கும்போதே உள்ளுக்குள் விரிசல் விட்டுவிடும். பார்த்தால் தெரியாது, நட்ட பிறகு தெரியும். பட்டறைக்காரர் நான் கேட்டதையெல்லாம் பொறுமையாகக் காட்டினார். "இந்த அம்மா வீட்டுக்கு நல்லதாப் பார்த்து ஏத்துங்கடா" என்று ஆட்களிடம் சொன்னதும் கணவருக்கும் முகத்தில் சிரிப்பு வந்தது.

சிமெண்ட் என்றால் அசையாது என்று நினைத்துவிடக் கூடாது. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் எங்கள் பக்கம் அடித்தபோது, மின்சாரத்துக்கு நட்டிருந்த சிமெண்ட் கம்பங்களே ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. எத்தனையோ நாள் இருட்டில் இருந்தோம். எங்கள் மூங்கில் வேலியும் படுத்துவிட்டது. ஆனால் அதை நானும் மாமியாருமாக இரண்டே நாளில், பழைய கொடிக் கயிற்றை வைத்துக் கட்டி நிறுத்திவிட்டோம். சிமெண்ட் கால் உடைந்தால் நம்மால் ஒட்டவும் முடியாது, தூக்கவும் முடியாது. மரம் அடிக்கடி தொந்தரவு தரும்; ஆனால் அந்தத் தொந்தரவு நம் கைக்குள் அடங்கியது. சிமெண்ட் அபூர்வமாகத்தான் தொந்தரவு தரும். தந்தால் ஆள் தேட வேண்டும். இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் இதுதான்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் அதே யோசனை. அரிசி களைந்துகொண்டிருந்த நேரத்தில்தான், எங்கள் கொல்லைக்கு வேலி ஒன்று இல்லை, இரண்டு இருக்கிறது என்று தோன்றியது. வலப்பக்கம் ஏற்கெனவே சுவர் இருக்கிறது. மீதி இரண்டு பக்கம். பின்பக்கம் வாய்க்கால். இடப்பக்கம் அடுத்த வீட்டு அக்கா. இரண்டுக்கும் ஒரே கால்தான் நட வேண்டும் என்று யார் சொன்னது?

அக்கா பக்கத்து வேலி சாய்ந்தால் என்ன போகும்? ஆடு வந்து இரண்டு பாத்தி கீரை போகும். கோழி வந்து விதையைக் கிளறிவிட்டுப் போகும். வாய்க்கால் பக்கத்து வேலி சாய்ந்து, அந்த நேரம் பார்த்துக் குழந்தை வெளியே வந்தால்? அதைச் சொல்லவே நாக்கு எழவில்லை. தண்ணீரில் மூழ்கும் ஆபத்து ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகளுக்குத்தான் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கூச்சல் போடாது, கையை உதறிக் கூப்பிடாது. சத்தமில்லாமல் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் தரை மட்டத்தில் மக்குகிற காலை அந்தப் பக்கம் நட்டுவிட்டு, இன்றைக்கு மக்கியிருக்குமா, நாளைக்கு மக்கியிருக்குமா என்று நான் எப்படி அடுப்படியில் நிற்பது?

ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னேன். "வாய்க்கால் பக்கம் சிமெண்ட் கால். அக்கா பக்கம் மரம்."

மாமியார் ஒன்றும் பேசாமல் மோரை ஊற்றிக்கொண்டார். பிறகு, "சரிதான். தண்ணிகிட்ட விளையாட்டுக் கூடாது" என்றார். கணவர்தான், "அப்போ அந்தப் பக்கத்துக்கு வருஷா வருஷம் செலவா?" என்று கேட்டார்.

அதற்கு மாமியாரே பதில் வைத்திருந்தார். "செத்த மரத்தை நட்டாத்தானே மக்கும்? நடுவுல உசிருள்ளதை நடு" என்றார்.

அவர் சொன்னது கிளுவைப் போத்தும், கல்யாண முருங்கைப் போத்தும். இரண்டும் வெட்டி நட்டால் துளிர்க்கிற ஜாதி. வேர் விட்டுவிட்டால் தரை மட்டத்தில் மக்குவது என்ற பேச்சே கிடையாது. வருஷம் ஆக ஆகப் பருக்கும், வலுக்கும். ஆனால் நட்ட உடனே பாரம் தாங்காது. அதனால் ஆறடிக்கு ஒரு சவுக்குக் கால், இரண்டு காலுக்கு நடுவில் போத்து என்று முடிவு செய்தோம். சவுக்கு மக்கிப் போகிற காலத்துக்குள் போத்து தேறி, அதுவே காலாக நிற்கும். கல்யாண முருங்கை இலை இருந்தால் சளிக்கு அடை தட்டலாம். அதன் மேல் வெற்றிலைக் கொடியும் ஏற்றலாம். கழித்துவிட்ட தழை ஆட்டுக்கு ஆகும்.

போத்து நடுவதற்கு மழைக் காலம்தான் சரி. மணிக்கட்டுப் பருமன், ஆள் உயரம். வெட்டியதும் நடாமல் நிழலில் சாத்தி வைத்து, வெட்டு வாய் உலர்ந்த பிறகு நட வேண்டும். அடி எது, தலை எது என்று மாற்றிவிடக் கூடாது. தலை வெட்டில் ஒரு சாணி உருண்டையை அப்பிவிட்டால் வெயிலில் காயாது.

அக்காவிடம் போய்ச் சொன்னபோது, "நான்கூடச் சிமெண்ட் வச்சு அடைச்சிடுவீங்களோன்னு நினைச்சேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு சிறு பயம் இருந்ததை நான் கவனித்தேன். இருபது வருஷமாக அந்த வேலிச் சந்து வழியாகத்தான் கறிவேப்பிலை போகும், குழம்புக் கிண்ணம் வரும். எல்லைக் கல்லை இரண்டு வீட்டாரும் சேர்ந்து பார்த்து, கயிறு பிடித்து, நடுவில் ஓரடிச் சந்தை அப்படியே விட்டோம். எந்தக் கால் நட்டாலும் சரி, குழி தோண்டுவதற்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. குழி தோண்டிய பிறகு பேசினால் அது வழக்காகிவிடும்.

வாய்க்கால் பக்கம் 64 அடி. எட்டடிக்கு ஒரு கால் என்றால் எட்டுக் கால் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆரம்பக் காலையும் சேர்த்தால் ஒன்பது. படித்துறைக்குப் போகும் கதவுக்கு இன்னொன்று. ஆகப் பத்து. இரண்டு கோடியிலும் வலைக்கம்பி இழுக்கும் இழுப்பில் கால் உள்பக்கம் சாயும்; அதற்கு முட்டுக்கால் இரண்டு. எங்களுடையது களிமண். மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். அதனால் இரண்டடி ஆழம் தோண்டி, வெறும் மண்ணைத் தள்ளி மூடாமல், செங்கல் ஜல்லியும் சிமெண்டும் போட்டு இறுக்கச் சொன்னோம். தரைக்கு மேல் ஐந்தடி நின்றது.

வலை விஷயத்தில் பெரியவர்கள் உயரத்தை மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் குழந்தையின் காலைப் பாருங்கள். கண்ணி பெரிதாக இருந்தால் அதில் பாதத்தை வைத்து ஏறிவிடும். குறுக்குச் சட்டம் அடித்தால் அதுவே ஏணி. வலை தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். அடியில் சந்து இருந்தால் தவழ்கிற குழந்தை நுழைந்துவிடும். முள்கம்பி குழந்தை முகத்தின் உயரத்தில் வரவே கூடாது. கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். கொக்கி குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். இத்தனை செய்த பிறகும், வேலி இருக்கிறதே என்று பிள்ளையைக் கொல்லையில் தனியே விடக் கூடாது. வேலி நமக்குக் கொடுப்பது கூடுதலாக ஒரு நிமிஷம். அடுப்பில் பால் பொங்கும்போது அதை இறக்கி வைத்துவிட்டு ஓடி வருவதற்கு அந்த ஒரு நிமிஷம் வேண்டியிருக்கிறது.

வைகாசிக் கடைசியில் வேலை முடிந்தது. தண்ணீர் வந்த அன்று பேரன் வலையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி, தண்ணி" என்று குதித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். மழை தொடங்கிய பிறகு நட்ட போத்துகளில் பாதிக்கு மேல் துளிர்த்துவிட்டன. துளிர்க்காத இடத்தில் மாமியார் தாமே வேறு போத்துக் கொண்டு வந்து நட்டார்.

உங்கள் வீட்டில் வேலிப் பேச்சு வந்தால், எது மலிவு, எது கெட்டி என்று ஆரம்பிக்காதீர்கள். கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இந்தப் பக்கத்து வேலி விழுந்தால் என்ன போகும் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் கேளுங்கள். கீரை போகும் என்றால் மரம் போதும். கிணறு, குளம், ரோடு, ரயில் பாதை என்று உயிர் போகிற பக்கமாக இருந்தால், இரண்டு மாதச் சீட்டுப் பணம் போனாலும் பரவாயில்லை, கெட்டியான காலாக நடுங்கள். நட்ட பிறகும் வருஷத்துக்கு ஒரு தரம், மழைக்கு முன்னால், ஒவ்வொரு காலையும் கையால் ஆட்டிப் பாருங்கள். மரக்கால் என்றால் தரை மட்டத்தில் ஒரு கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. சிமெண்ட் என்றால் துருக்கறையும் வெடிப்பும் தெரிகிறதா என்று பாருங்கள். மத்தியானம் பத்துப் பாத்திரம் தேய்த்த பிறகு அரை மணி நேர வேலைதான்.